பெக்கோவில் ‘தொடர்பு இல்லை’ என்று காட்டினால் உடனே கொன்ட்ரோலருக்குப் பணம் கட்டாதீர்கள்

385,000 ரூபா. மண் வெட்டுகின்ற பழைய பெக்கோ இயந்திரம் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓடவிடுகின்ற எவருக்கும், இந்தத் தொகையைச் சேர்க்க எத்தனை அத்திவாரம், எத்தனை கிணறு வெட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில், கனரக இயந்திரங்களின் மின்னணுப் பழுதுகளை லப்டொப் பூட்டிக் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்கின்ற ஒரு நிலையம், என் இயந்திரத்தில் இல்லாத ஒரு பழுதைத் திருத்துவதற்கு அந்தத் தொகையை வாங்கியிருக்கிறது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, இத்தகைய பழுதை நீங்களே எப்படிப் பரிசோதிப்பது என்பதையும் விளக்கமாக எழுதுகிறேன்.

இயந்திரம் ஜப்பானில் ஓடிப் பின்னர் இங்கே இறக்குமதியான இருபது தொன் வகை. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு காணியில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மொனிட்டரில் என்ஜின் கொன்ட்ரோலருடன் (என்ஜினைக் கட்டுப்படுத்துகின்ற மின்னணுப் பெட்டி) தொடர்பு இல்லை என்ற எச்சரிக்கை வந்து, என்ஜின் தாழ்ந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. வேகத்தைக் கூட்டும் குமிழை எவ்வளவு திருப்பினாலும் அசையவில்லை. சாவியை மூடித் திறந்தால் சரியாகிவிடும்; மேடு பள்ளத்தில் நகர்த்தும்போது மீண்டும் வரும். குலுங்கும்போது வருகின்றது என்பதை நான் அந்த நிலையத்துக்கு முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தேன். அதை அவர்கள் காதில் வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திராது.

வந்த பையன் மிகவும் மரியாதையானவன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கபினுக்குள் ஏறினான். இருக்கைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் கேபிளைப் பூட்டி, லப்டொப்பை மடியில் வைத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். மொனிட்டர், பம்ப் கொன்ட்ரோலர் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தன. என்ஜின் கொன்ட்ரோலர் மட்டும் சிவப்பு. “அண்ணை, இது நான் சொல்லேல்லை, உங்கட மெஷினே சொல்லுது” என்றான். வயர்களையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, “வயர் பிழையெண்டால் லப்டொப்பிலயே தெரிஞ்சிடும் அண்ணை” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். திரை கண்முன்னே சிவப்பாக இருக்கும்போது, அதைப் படிக்கத் தெரிந்தவன் நிதானமாக ஒரு விளக்கம் தரும்போது, எவரும் நம்பத்தான் செய்வார்கள். அவர்களுடைய வியாபாரமே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. பாவித்த கொன்ட்ரோலர், பூட்டுக்கூலி, புரோகிராம் பண்ணுவது எல்லாம் சேர்த்து 385,000 ரூபா என்றார்கள். பாதிக்கு மேல் முற்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

கொன்ட்ரோலரை மாற்றிய அன்று மாலை இயந்திரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடியது. மிகுதிப் பணத்தை அங்கேயே எண்ணி வாங்கினார்கள். ஆனால் அடுத்த வேலையிலேயே என்ஜின் தட்டும் சத்தத்துடன் கரும்புகை தள்ளியது. கொமன் ரெயில் எனப்படும் டீசல் என்ஜின்கள் பலவற்றில், டீசலைப் பீச்சுகின்ற ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு திருத்தக் குறியீடு உண்டு; கொன்ட்ரோலரை மாற்றினால் அந்தக் குறியீடுகளைப் புதிதாகப் பதிய வேண்டும். அதைச் செய்யாமலேயே புரோகிராமுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. நிலையத்தைக் கேட்டபோது, “ஓட ஓடச் சரிவரும்” என்றார்கள். சரிவரவில்லை, அதே பழைய எச்சரிக்கையும் திரும்பி வந்து சேர்ந்தது.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் அந்தப் பையன் கைபேசியை எடுக்கவில்லை. நிலையத்துக்கு நேரில் போனால், பொறுப்பானவர் கொழும்புக்குப் போயிருக்கிறார், வந்ததும் எடுப்பார் என்றார்கள். எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. பின்னர் பொறுப்பானவர் கதைத்தார். டீசல் கூடாது என்றார். பற்றரி பழசு என்றார். கடைசியில் பம்ப் கொன்ட்ரோலரும் போயிருக்கும், அதையும் மாற்றினால்தான் முடிவு தெரியும் என்று சொல்லி இன்னொரு விலையும் சொன்னார். 385,000 ரூபாவை வாங்கியவர், அதே பழுதுக்கு இரண்டாவது தடவை விலை சொல்வதற்குச் சற்றும் கூசவில்லை. இதற்கிடையில் ஒப்பந்தக்காரர் வேறு இயந்திரம் பிடித்துவிட்டார். லீசிங் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

உண்மைப் பழுதைக் கண்டுபிடித்தவர் சாவகச்சேரிப் பக்கம் லொறிகளுக்கு வயரிங் வேலை செய்கின்ற ஒரு பெரியவர். லப்டொப் இல்லை, ஒரு மல்டிமீற்றர் மட்டும் கொண்டு வந்தார். பற்றரிச் சுவிச்சை நிறுத்தச் சொன்னார். லப்டொப் பூட்டுகின்ற அதே பிளக்கில், கொன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசுகின்ற கேன் லைனின் இரண்டு வயர்களுக்கும் இடையில் மீற்றரை வைத்தார். 120 ஓம் காட்டியது. “அறுபது வர வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கபினுக்குக் கீழே போகின்ற வயர்க் கட்டைப் பிடித்து மெல்ல அசைக்கச் சொன்னார். மீற்றர் 60க்கு விழுந்தது. கையை விட்டதும் மீண்டும் 120க்கு ஏறியது. கட்டைப் பிரித்தபோது, ஹைட்ரோலிக் ஹோஸைத் தாங்கும் இரும்புத் துண்டில் உரசி, மஞ்சள் வயரின் தோல் சுரண்டப்பட்டு, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, ஓரிரு இழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுடைய உப்புக் காற்றுக்கு அவ்வளவு காயமே போதும்.

இது ஒன்றும் இரகசிய வித்தை அல்ல. பொஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய முறைதான் கேன். இன்றைய கனரக இயந்திரங்களில் பெரும்பாலானவை அதன் மேல் அமைந்த ஜே1939 போன்ற விதிகளில் பேசுகின்றன. முறுக்கிய இரண்டு வயர்கள், அவற்றின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று. இரண்டும் இணையாக நிற்பதால் நடுவில் அளந்தால் 60 வரும். ஒரு முனை அறுந்தால் 120. இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டினால் பூச்சியத்துக்கு அருகில். என் இயந்திரத்தில் என்ஜின் கொன்ட்ரோலர் அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்தது. அதனால்தான் அது மட்டும் சிவப்பாகக் காட்டியது. லப்டொப்புக்கு அதன் குரல் கேட்கவில்லை, அவ்வளவுதான். கொன்ட்ரோலர் செத்துவிட்டதா, வயர் அறுந்ததா, பியூஸ் போனதா, ஏர்த் கழன்றதா என்பதை அந்தச் சிவப்பு நிறம் சொல்லாது. மாற்றிய அன்று ஓடியதற்கும் காரணம் புதிய பெட்டி அல்ல. பூட்டும்போது வயர்க் கட்டை இழுத்ததில் அறுந்த இடம் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது.

அந்த வயரின் படத்தோடு மீண்டும் நிலையத்துக்குப் போனேன். மின்னணுப் பொருட்கள் திரும்ப எடுக்கப்படமாட்டா என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினார்கள். சரி, என்னுடைய பழைய கொன்ட்ரோலரையாவது தாருங்கள், அதில்தான் என் இன்ஜெக்டர்களின் குறியீடுகள் இருக்கின்றன என்றேன். அதைக் கழிவாக எறிந்துவிட்டார்களாம். நல்ல நிலையில் இருந்த ஒரு கொன்ட்ரோலரை எவரும் குப்பையில் எறிவார்களா? அது இப்போது வேறு யாருடைய இயந்திரத்திலோ, வேறு ஒரு விலைக்குப் பூட்டப்பட்டிருக்கும் என்பதே என் சந்தேகம். பற்றுச்சீட்டில் ‘மின்னணு வேலை, 385,000’ என்று ஒரே வரிதான். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பரிசோதனை முறையை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கோபம் தணியாமல் அது முடியாது போலிருக்கிறது, ஆகவே அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கொன்ட்ரோலர் போய்விட்டது என்று யார் சொன்னாலும், பற்றரியை நிறுத்தி கேன் லைனின் இரண்டு வயர்களுக்கு இடையில் உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள், மறுப்பவரை அனுப்பிவிடுங்கள். சாவி திறந்த நிலையில் இரண்டு வயரும் ஏர்த்துக்கு ஏறக்குறைய 2.5 வோல்ற் காட்ட வேண்டும். கொன்ட்ரோலருக்குப் போகின்ற கரண்டையும் ஏர்த்தையும் பியூஸையும் பார்க்காமல் பெட்டியைக் கழற்ற விடாதீர்கள். பக்கற்றில் வெல்டிங் செய்யும்போது பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கொன்ட்ரோலர் உங்கள் கையில் வரும்வரை மிகுதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இலக்கமும் உத்தரவாதமும் எழுதாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். இதே நிலையத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். முறைப்பாட்டுடன் சேர்த்துக் கொடுக்கிறேன்.