மரக்கன்றா, புதர்ச்செடியா? பூச்சிகளுக்காக நடுவோருக்கு ஓர் ஒப்பீடு

ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 27 ஆண்டுகள் பொறிவைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. இழந்த வாழிடத்தைச் செடி நட்டு ஈடுகட்டலாம் என்று பலரும் இறங்கியிருக்கிறார்கள். எதை நடுவது என்பதில்தான் சிக்கல்.

நர்சரியில் கண்ணைப் பறிக்கும் அயல் பூச்செடிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தேன் கிடைக்கும், பட்டாம்பூச்சி மொய்க்கும், போட்டோவும் நன்றாக வரும். புழுவுக்குச் சாப்பாடு? இலை தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை தமக்குப் பழகிய சில செடிகளைத் தாண்டி வாய் வைக்காது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைக் கரகரவென்று தின்று தீர்க்கும். அதையே அயல் பூச்செடியான உண்ணிச்செடியில் விட்டால் பட்டினிதான்.

மிச்சமிருக்கும் போட்டி நாட்டு மரத்துக்கும் நாட்டுப் புதருக்கும். பிரிட்டன் மரங்களை அண்டி வாழும் பூச்சி இனங்களை பூச்சியியலாளர் சவுத்வுட் 1961-இல் பட்டியலிட்டார். ஓக் மரத்தில் 284, ஹாதார்ன் என்ற முட்புதரில் 149, வெளியிலிருந்து கொண்டுவந்த குதிரைச் செஸ்ட்நட் மரத்தில் வெறும் 4. மரம் முந்துகிறது, சரி. ஆனால் ஒரு முட்புதர், வானுயர்ந்த அயல் மரத்தை எங்கேயோ விட்டுவிட்டதைப் பாருங்கள்.

காலக் கணக்கிலும் புதருக்கே என் ஓட்டு. பல புதர்கள் சில ஆண்டுகளிலேயே பூத்துவிடும். அடியில் சருகு சேரும், நிழல் கட்டும், காய்ந்த தண்டின் துளையில் சிறு தேனீக்கள் கூடு வைக்கும். மரக்கன்று அந்த வயதில் இன்னும் முட்டுக்கொம்பில் சாய்ந்து நிற்கும். வளர்ந்த பிறகு அது தரும் இலைப்பரப்புக்குப் புதர் ஈடாகாது என்பதும் உண்மை. இடம் தாராளமாக இருந்தால் நடுவில் ஒரு மரம், சுற்றிலும் நான்கைந்து வகைப் புதர்கள். இடம் குறைவென்றால் யோசிக்காமல் புதர்தான்.

‘ஒரு பழைய மரம் வெட்டினால் பத்துக் கன்று’ என்ற பேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பொந்தும் மட்கிய கட்டையும் உருவாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதில் வாழும் வண்டுகளுக்குக் கன்றால் பயனில்லை.

காட்டுத் தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு கட்டுபவை. அதனால் நடும் இடம் முழுவதையும் செடியால் மூடாமல் வெயில்படும் வெறும் தரை கொஞ்சம் விடுங்கள். கன்று வாங்கும்போது பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். நியோனிகோட்டினாய்டு வகை மருந்து வேர் வழியே ஏறி இலையிலும் பூந்தேனிலும் தங்கும். தண்ணீர்விட்டுக் கழுவினால் போகாது.