தில்லை நகரில் ஊசி டெஸ்ட்: சாதாரணக் கட்டி என்று வந்த பிறகுதான் குழப்பம்

திருச்சி தில்லை நகர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், திரும்பிய பக்கமெல்லாம் கிளினிக்கும் ஸ்கேன் சென்டரும்தான். நான் இருக்கும் லண்டனில் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் முதலில் ஜி.பி. எனும் குடும்ப டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் மார்பக கிளினிக்குக்கு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பியதிலிருந்து 28 நாளுக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே இலக்கு. லீவுக்கு வந்த இடத்தில் எனக்குக் கட்டி தெரிந்தது. காலையில் டோக்கன், மதியம் ஸ்கேன், சாயங்காலம் சர்ஜன். வேகத்தில் குறையே சொல்ல முடியாது. அதே வேகத்தில் ஆபரேஷன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்கள், அதுதான் பிடிக்கவில்லை.

ஸ்கேனில் 2.4 செ.மீ., ஓரம் சீராக இருந்தது. எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்று காட்டும் பைராட்ஸ் எண்ணில் 3 என்று போட்டிருந்தார்கள். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது என்கிற வகை அது. வழக்கமாக ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். நான் ஊர் திரும்ப வேண்டியவள் என்பதால் ஊசி டெஸ்ட் செய்துவிடலாம் என்றார்கள். மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யில் செல்கள் மட்டும்தான் வரும். ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதாரணக் கட்டியா, அதே சாயலில் இருந்தாலும் வேகமாக வளரக்கூடிய, சில சமயம் புற்றாகவும் இருக்கக்கூடிய ஃபில்லோட்ஸா என்று பல சமயம் அதில் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் தடித்த ஊசியில் சதைத் துண்டையே எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸியே வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மரத்துப்போக ஊசி, அப்புறம் ஸ்கேனில் பார்த்தபடியே கருவியை வைத்து ‘டக்’. எடுத்த சதை ஃபார்மலின் பாட்டிலில் வெந்த சேமியாத் துண்டு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. நர்ஸ் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தார். நல்ல கை.

ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஅடினோமா, செல்களில் கோளாறான மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால், “ஊருக்குப் போறதுக்குள்ள எடுத்துடலாம்மா, எதுக்கு வச்சுக்கிட்டு இருக்கணும்?” என்றார் சர்ஜன். கூட வந்த சித்தியும் “அதானே” என்றார். பில்லிங்கில் ரூம் வாடகையோடு பேக்கேஜ் தொகையே தயாராக இருந்தது. ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு “நாளைக்கு வளர்ந்துட்டா?” என்பது மட்டும்தான் பதில்.

இன்னொரு பெண் சர்ஜனிடம் போனேன். அவர் கையால் பார்த்தார், ஸ்கேன் படத்தையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னால் கட்டியை அப்படியே விடலாம், ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் மறுபடி ஊசி டெஸ்ட் செய்தே ஆக வேண்டும் என்றார். 3 செ.மீ.க்கு மேல் போனால், வேகமாக வளர்ந்தால், ஃபில்லோட்ஸ் சந்தேகம் வந்தால் எடுப்பதுதான் சரி. ரிப்போர்ட்டில் பாப்பிலோமா (பால் குழாய்க்குள் வளரும் சிறு கட்டி) என்றோ செல்களில் மாற்றம் என்றோ வந்தால், புற்றுநோய் இல்லாவிட்டாலும் சர்ஜனைப் பார்க்காமல் விடக்கூடாது. என்னுடையதுக்கு ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் போதும் என்றார். ஃபைப்ரோஅடினோமா கர்ப்ப காலத்தில் பெரிதாகலாம், மாதவிடாய் நின்ற பிறகு சுருங்கவும் செய்யும் என்பதையும் அவர்தான் சொன்னார். முதல் இடத்தில் இதில் பாதியைச் சொல்லியிருந்தால் சித்தியே எழுந்து வந்திருப்பார்!

கிளம்புவதற்கு முன் லேபில் எழுதிக் கொடுத்து, என் சதைத் துண்டு இருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லண்டன் டாக்டர்களுக்குக் காட்ட வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் முனகினார்கள், கொடுத்துவிட்டார்கள். ஸ்கேன் சென்டரில் படங்களை சி.டி.யில் கேட்டு வாங்க வேண்டும். கட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்; அந்த அளவுகள் இல்லாவிட்டால் அடுத்த ஸ்கேனில் வளர்ந்ததா இல்லையா என்று சொல்வது கஷ்டம்.

எரிச்சலான விஷயமும் உண்டு. வரவேற்பில் பேரைச் சொல்லி, “பிரெஸ்ட் பயாப்ஸி யாரு?” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்கள். ஸ்கேன் ரூமில் நான் படுத்திருக்கும்போதே அட்டெண்டர் ஃபைல் எடுக்க உள்ளே வந்தார். சொன்ன பிறகுதான் திரை போட்டார்கள். ஸ்கேனுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை.

ஊரில் செய்வதானால் லீவின் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும், கூடுதல் டெஸ்ட் கேட்டால் இன்னும் இழுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் ஊசிக்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் அதை யாருமே கேட்கவில்லை.