பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? சான்றிதழை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

போன வருடம் 1963-ல் தயாரான ஜாகுவார் ஈ-டைப் ஒன்றை வாங்கினேன். பல வருடச் சேமிப்பு அது. "மேட்சிங் நம்பர்ஸ் வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி, சேஸிஸ் நாலும் ஃபேக்டரியில் போட்டது" என்று புரோக்கர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே, அதே நிலையில் உள்ள மற்ற ஈ-டைப்களைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்தேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் இருப்பது ஈ-டைப் இன்ஜினே இல்லை. இப்படி ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

முதல் நாள் புரோக்கர் வண்டியைப் பற்றிப் பேசியதைவிட ஏல விலைகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது, 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே 13.5 கோடி யூரோவுக்குப் போனது என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மெர்சிடிஸ் கூப்பே உலகத்தில் 2 தான் செய்தார்கள். ஈ-டைப் 70,000-க்கும் மேல். அந்த ஏலங்களுக்கும் என் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. "அடுத்த மாதம் இந்த விலைக்குக் கிடைக்காது" என்றபோது எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. 1980-களின் கடைசியில் பழைய ஃபெராரிகள் இப்படித்தான் எகிறின, 1990-களின் தொடக்கத்தில் தடாலென்று சரிந்தன. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் மனம் கேட்கவில்லை.

அப்புறம் சான்றிதழைக் காட்டினார். ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை பழைய ஃபேக்டரிப் பதிவேடுகளைப் பார்த்துக் கொடுப்பது. சேஸிஸ் எண், இன்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண், முதலில் அடித்த நிறம் எல்லாம் அதில் இருக்கும். சான்றிதழில் உள்ள இன்ஜின் எண்ணும், இன்ஜினில் ஆயில் ஃபில்டருக்கு மேலே குத்தியிருந்த எண்ணும் ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தன. சிலிண்டர் ஹெட்டிலும் அதே எண். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

நான் புரிந்துகொள்ளாத விஷயம் இதுதான். ஃபேக்டரியை விட்டுப் போனபோது வண்டியில் என்ன இருந்தது என்பதைத்தான் அந்தச் சான்றிதழ் சொல்கிறது. இன்று நம் கண் முன்னால் நிற்கும் வண்டியை யாரும் வந்து சோதித்துக் கொடுத்ததில்லை. சான்றிதழ் உண்மை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எண்ணையே வேறு இன்ஜினில் குத்தியிருக்கிறார்கள்.

டியூனிங்குக்காக ஈ-டைப்களிலேயே ஊறிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கியவர், "இந்த கியர்பாக்ஸ் 63-ஆம் வருடத்து வண்டியுடையது இல்லையே" என்றார். 1963-ல் வந்த 3.8 லிட்டர் ஈ-டைப்பின் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு) கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கடகடக்கும். 1964-ல் 4.2 லிட்டர் மாடல் வந்தபோதுதான் எல்லா கியருக்கும் சின்க்ரோ வந்தது. என் வண்டியில் முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஓட்டிப் பார்த்த அன்றே அதைக் கவனித்தேன், நல்ல பராமரிப்பு என்று சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு அவர் இன்ஜினில் எண் குத்திய இடத்தைத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். ஃபேக்டரியில் இயந்திரம் சீவிய பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும். என்னுடையதில் அந்த இடம் மட்டும் வழவழவென்று, ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருந்தது. எண்களும் ஒரே ஆழத்தில் இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில், புதிய 'ஆர்' எழுத்துக்கு அடியில் பழைய 'இசட்' ஒன்றின் நிழல் தெரிந்தது. 3.8 ஈ-டைப் இன்ஜின் எண்கள் 'ஆர்' எழுத்தில் தொடங்கும். 'இசட்' மார்க் 10 என்ற பெரிய செடான் காருடையது. அதே 3.8 லிட்டர், அதே மூன்று கார்புரேட்டர். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இன்ஜினை மாற்றியதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஈ-டைப் வெறும் பழைய காராக இருந்த காலத்தில் இன்ஜின் போனால் கிடைத்ததைப் போட்டு ஓட்டினார்கள். ஓட்டுகிறவருக்கு வண்டி ஓடினால் போதும். விலை ஏறிய பிறகு, அசல் இன்ஜினுக்கும் மாற்று இன்ஜினுக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவு பெரிதானதால்தான், தேய்த்து மறுபடி குத்தும் வேலை நடக்கிறது. குற்றம் அது.

புரோக்கரிடம் போய்க் கேட்டேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்றார். ஒப்பந்தத்தில் "இப்போதுள்ள நிலையில்" என்று ஒரு வரி இருந்தது. மேட்சிங் நம்பர்ஸ் என்று வாயால் சொன்னது எழுத்தில் எங்கும் இல்லை. வாங்குவதற்கு முன் வண்டியைச் சோதித்தவரும் அவரே அனுப்பிய ஆள்தான். ஒரு பைசாகூடத் திரும்பி வரவில்லை.

நீங்கள் வாங்கும்போது, அந்த மாடலை மட்டுமே கழற்றிப் பூட்டிப் பழகிய ஒருவரை உங்கள் சொந்தச் செலவில் கூட்டிப்போங்கள். விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். இன்ஜின் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். காருக்குள் கியர்பாக்ஸை மூடியிருக்கும் உறையைக் கழற்றி அதன் எண்ணையும் பாருங்கள், ஏமாற்றுகிறவர்கள் அதுவரை மெனக்கெடுவது குறைவு. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். ஈ-டைப்பின் முன்பக்கச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிப்பதால் அதை மாற்றுவது சகஜம், சேஸிஸ் எண் அதில்தான் இருக்கிறது. அதனால் எப்போது மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். "அசல் இன்ஜின், அசல் கியர்பாக்ஸ்" என்பதை எண்ணோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதற்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள்.

வண்டி என்னிடம்தான் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. என்றாவது விற்றால் மார்க் 10 இன்ஜின் என்று எழுதித்தான் விற்பேன். எண் குத்திய அந்தப் பரப்பைத் தேய்க்காமல், பெயின்ட் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். படங்களும் மெக்கானிக்கின் குறிப்பும் வண்டியின் ஃபைலிலேயே இருக்கின்றன.