பாலி எலக்ட்ரோலைட்: பவுடரா, எமல்ஷனா?

கழிவுநீரில் உள்ள கசடைத் திரளவைத்துப் பிரிக்க உதவும் பாலிமர்தான் பாலி எலக்ட்ரோலைட். பவுடராக வந்தாலும், எண்ணெயில் கலந்த திரவமான எமல்ஷனாக வந்தாலும், கழிவுநீர் நிலையத்தில் இரண்டுமே ஒரே வேலையைத்தான் செய்யும். வேறுபாடு ஸ்டோர் ரூமில்தான் தெரியும்.

பவுடர் 25 கிலோ மூட்டையில் வரும். மரப்பலகை மேல், ஈரம் படாமல் அடுக்கினால் ஓராண்டுக்கு மேல் தாங்கும். வாய் திறந்த மூட்டையை அன்றே இறுகக் கட்டாவிட்டால் மழைக்காலத்தில் கட்டிதட்டிவிடும். கொட்டும்போது தூசி பறக்கும், மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். 0.1 முதல் 0.5 சதவீதக் கரைசலுக்கு, சுழலும் நீரில் மெல்லத் தூவி 45 நிமிடமாவது மெதுவாகக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால், வெளியே வழவழவென்றும் உள்ளே உலர்ந்தும் மீன்கண் போன்ற உருண்டைகள் மிஞ்சி, கரைசலை அளந்து செலுத்தும் டோசிங் பம்பை அடைக்கும்.

எமல்ஷனில் தூசி இல்லை, சீக்கிரம் கரையும். ஆனால் ஆயுள் ஏறக்குறைய ஆறு மாதம்தான். நாள்பட்டால் எண்ணெய் மேலே பிரியும். எடுக்குமுன் டிரம்மை உருட்டிக் கலக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே போனாலும் ஜெல் கட்டும்.

எது சிந்தினாலும் உடனே தண்ணீர் அடிக்காதீர்கள். தரை சோப்புப் பூசியதுபோல் வழுக்கும். பவுடரை உலர்வாகவே பெருக்கி அள்ளுங்கள். எமல்ஷன் மேல் மணலோ மரத்தூளோ போட்டு வழித்தெடுங்கள். மிச்சப் பிசுக்கைக் கல்லுப்பு தூவித் தேய்த்தால் இளகும்.

மாதம் ஓரிரு மூட்டையே செலவாகும் சிறு நிலையத்துக்குப் பவுடரே தோது.