அங்கன்வாடி சத்துமாவு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடி மையங்களில் விலையின்றி வழங்கப்படும் சத்துமாவை, எங்கள் மகளுக்கு இணை உணவு தொடங்கிய நாள் முதல் கொடுத்து வருகிறோம். கடைகளில் டப்பாவில் விற்கும் குழந்தை உணவுக்குப் பணம் செலவிடும் முன் இதை வாங்கிப் பயன்படுத்துமாறு தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால், இதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

கோதுமை, பருப்பு, வெல்லம் ஆகியவற்றோடு முளைகட்டிய கேழ்வரகும் இதில் சேர்வதே இதன் முதல் சிறப்பு. முளைகட்டும்போது உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சிதைப்பதால் கஞ்சி இறுகாமல் இளகி நிற்கும். நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ய வேண்டியிராததால், சின்னஞ்சிறு வயிற்றுக்குக் கொள்ளும் அளவிலேயே கூடுதல் ஆற்றல் கிடைக்கும். தானியங்களில் இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட்டும் முளைகட்டுவதால் ஓரளவு குறைகிறது. கஞ்சியை விட உருண்டையாகவும் கொழுக்கட்டையாகவும் கொடுத்தபோதே எங்கள் மகள் விரும்பி உண்டாள்.

குறை என்று நான் கருதுவது வெல்லம் மாவிலேயே கலந்திருப்பதுதான். இனிப்புக்குப் பழகிய நாக்கு கீரையையும் பருப்பையும் ஏற்க மறுக்கும் என்பதால், இனிப்பில்லாத மாவும் வழங்கப்பட வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் அங்கன்வாடித் திட்டத்தின் வழியே கிடைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது வகுத்திருந்த அளவு. இது வீட்டு உணவுக்குத் துணையே தவிர மாற்று அன்று. ஆறு முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தை, தாய்ப்பாலையும் சேர்த்து எண்ணப்படும் எட்டு உணவு வகைகளில் ஐந்தையாவது அன்றாடம் உண்ண வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டும்போது, வயிறு நிறைந்ததா என்பதோடு தட்டில் என்னென்ன இருந்தன என்பதையும் நாம் கவனித்தாக வேண்டும். மாவுக் கஞ்சியோடு முட்டையோ மசித்த பருப்போ, கூடவே இரும்புச்சத்து உடலில் சேர உதவும் கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். பொட்டலத்தை வீட்டிலுள்ள பெரியவர்களும் பகிர்ந்துகொண்டால் குழந்தையின் பங்கு குறையும் என்பதால், அதற்கென்று தனி டப்பாவில் எடுத்து வைப்பது நல்லது.

மாவு வாங்கச் செல்லும்போது எடையோடு உயரத்தையும் அளந்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். எடையை மட்டும் பார்த்தால் உயரக் குறைவு தெரியாமல் போய்விடும்.