சின்னக் கால்களுக்கு எந்த நடை?

மே மாதம் திருச்சியிலிருந்து அக்கா குடும்பத்தோடு வருகிறாள். அவள் பிள்ளைகளுக்கு 6 வயதும் 3 வயதும். எங்கள் வீட்டில் 7, 4. "விலங்குத் தோட்டம், சென்டோசா எல்லாம் போன தடவையே பார்த்தாச்சுடி. இந்த வாட்டி ஊரை நடந்து பார்க்கணும். யாராவது கூட வந்து கதை சொன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். சிங்கப்பூரில் வழிகாட்டியோடு போகும் நடைப்பயணங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெரியவர்களை மனத்தில் வைத்து அமைத்தவை. மூன்று வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகும்போது எது ஒத்துவரும், எது வராது என்பதை நாங்கள் போய்ப் பார்த்தவற்றை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரும் நடையில் வழிகாட்டிக்கு எவ்வளவு வரலாறு தெரியும் என்பது இரண்டாவது கேள்விதான். நினைத்த இடத்தில் நிற்க முடியுமா என்பதே முதல் கேள்வி. பிள்ளை ஒரு பூனையைப் பார்த்து நிற்கும், சாக்கடை மூடியின் ஓட்டையை எண்ணும், திடீரென்று "சுச்சு" என்னும். அப்போது நடை நிற்கிறதா, நகர்ந்துவிடுகிறதா என்று பார்த்தாலே மற்றது விளங்கிவிடும்.

அன்பளிப்பு நடையும் கட்டண நடையும்

கட்டணமில்லா நடை என்று விளம்பரம் செய்வார்கள். முடிவில் மனமிருப்பதைக் கொடுக்கலாம். தனியாக ஊர் சுற்ற வருகிற இளைஞர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. எங்களுக்கு ஒத்துவரவில்லை. சைனாடவுனில் ஒருமுறை இப்படி ஒன்றில் சேர்ந்தோம். ஏறக்குறைய இருபது பேர், இரண்டரை மணி நேரம். அரைமணி ஆவதற்குள் சின்னவனைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வரும்போது கூட்டம் இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது. வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். மீதிப் பத்தொன்பது பேரை அவர் வெயிலில் நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் அன்று என் மகள் கேட்ட மூன்று கேள்விகளுக்குப் பதில் வரவே இல்லை. அவள் குரல் வழிகாட்டி நின்ற இடம்வரை எட்டவில்லை.

தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டண நடைகளில் கூட்டம் குறைவு, பெரும்பாலும் காதில் மாட்டும் ஒலிக்கருவி இருக்கும் அல்லது வழிகாட்டி பக்கத்திலேயே நிற்பார். கதையின் தரமும் கூடுதல். ஆனாலும் நேரமும் பாதையும் முன்பே வகுத்தவை. எட்டு வயதுக்கு மேற்பட்ட, கதை கேட்கப் பிடிக்கிற பிள்ளை என்றால் தாராளமாகப் போகலாம். மூன்று வயதுக்கு வேண்டாம்.

எதில் சேர்ந்தாலும் ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டுபவர் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிம அட்டையைக் கழுத்திலோ சட்டையிலோ மாட்டியிருப்பார்கள்.

தனி வழிகாட்டி

உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை நம் குடும்பத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்வது. கேட்டதும் செலவு என்று தோன்றும். ஆனால் இதில் பெரும்பாலும் தலைக்கு அல்ல, குழுவுக்குத்தான் விலை. இரண்டு குடும்பம் பகிர்ந்துகொண்டால் கட்டண நடைக்கு ஆகும் செலவிலிருந்து பெரிதாக விலகாது. பணத்தைவிட முக்கியமாக, நிற்கும் உரிமை நம் கைக்கு வந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு தெலுக் ஆயர் தெருவில் அப்படி ஒருவரோடு நடந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. தெருவில் கால் வைத்ததுமே பிள்ளைகளிடம் ஒன்று கேட்டார்: "கடல் எங்கே இருக்கு, காட்டுங்க பார்ப்போம்!" இரண்டு பேரும் நான்கு பக்கமும் தேடினார்கள். உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரிந்தன. "நீங்க நிக்கிற இடம்தான் கரை. அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணி" என்றார். தெலுக் ஆயர் ஒரு காலத்தில் கடற்கரைத் தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகே கரை தள்ளிப் போனது. அதன் பிறகு அந்தத் தெருவின் ஒவ்வொரு கட்டடமும் பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்துவிட்டது. கப்பலில் வந்து இறங்கியவர்கள், பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல முதலில் எங்கே போவார்கள்? சீன மாலுமிகள் கடல் தெய்வம் மாசுவுக்குக் கட்டியது தியான் ஹோக் கெங் கோயில், 1839 முதல் 1842 வரை. அதே வரிசையில், நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பியது நாகூர் தர்கா. சற்று நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். அதற்குத் தமிழில் குச்சுப் பள்ளி என்றே பேர், முதலில் ஒரு குடிசையாக இருந்ததால். மகள் "குச்சு, குச்சு" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்தாள்.

இவ்வளவும் ஒரே தெருவில், பிள்ளைகளின் வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தோம். சின்னவன் கோயில் வாசல் சிங்கத்தோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. சிங்கத்தின் வாயைக் காட்டி அவனுக்கு இன்னொரு கதையும் சொன்னார்.

நாமே நடத்துவது

தேசிய மரபுடைமைக் கழகம் பல வட்டாரங்களுக்கு மரபுடைமைப் பாதைகள் அமைத்திருக்கிறது. வரைபடமும் விளக்கமும் அதன் ரூட்ஸ் இணையத்தளத்தில் இலவசம், ஆங்காங்கே தெருவில் தகவல் பலகைகளும் உண்டு. செலவே இல்லை, நேரக் கட்டாயமும் இல்லை.

தமிழ்க் குடும்பங்களுக்குத் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இது தனி வழிகாட்டியையும் மிஞ்சும் என்பது என் எண்ணம். பஃபலோ ரோட்டில் தொடங்குங்கள். அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அருகருகே இரண்டு எருமைத் தெரு! இதைச் சொன்னதும் பிள்ளைகள் எருமையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் உண்மையிலேயே இங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. சற்றுத் தள்ளி இருக்கும் பெலிலியோஸ் ரோட்டின் பெயரே ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். கெர்பாவ் ரோட்டில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் நிற்பது டான் டெங் நியாவின் வீடு, 1900இல் கட்டியது. மிட்டாய்த் தொழில் செய்தவர். என் மகளுக்கு அந்த வண்ணத்தையும் மிட்டாயையும் சேர்த்து ஒரு நியாயம் தோன்றிவிட்டது, நான் திருத்தவில்லை. சிராங்கூன் ரோட்டுக்கு வந்தால் வீரமாகாளியம்மன் கோயில். பழைய தலைமுறை இதைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள், பக்கத்தில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால். கம்பம் என்றால் இங்கே கம்போங், சிற்றூர். என் மாமனார் இன்றும் அப்படித்தான் சொல்கிறார். இந்தக் கதையை ஒரு வழிகாட்டி சொல்வதைவிடத் தாத்தா சொன்னால் பிள்ளைக்கு அது குடும்பக் கதையாகிவிடும்.

இதிலும் குறை உண்டு. கதை சொல்பவர், தண்ணீர் கொடுப்பவர், ரோட்டைக் கடக்கவைப்பவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் ஒரு மணி நேரத்தில் குரல் போய்விடும். அம்மா சொல்வதைவிட அயலார் சொல்வதைப் பிள்ளைகள் கூர்ந்து கேட்பார்கள், அதுவும் உண்மை. ஆகவே இரண்டு பெரியவர்களாவது போங்கள். ஒருவர் கதைக்கு, ஒருவர் கைக்கு.

தேக்காவில் குழந்தைத் தள்ளுவண்டி வேண்டாம். கடைவீட்டு அஞ்சடிகள், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதைகள், ஒரே மட்டத்தில் இருக்காது. மூன்று கடைக்கு ஒரு படி ஏறி இறங்கும், பூக்கடைச் சாமான்களும் காய்கறிப் பெட்டிகளும் வழியில் இருக்கும். தூக்கிக்கொள்ளும் துணித்தூளி நல்லது. எம்ஆர்டி ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, பேருந்திலும் 2017 முதல் தள்ளுவண்டியை மடிக்காமல் ஏற்றலாம். எனவே சிரமம் வந்துசேர்வதில் இல்லை, அஞ்சடியில்தான். ஞாயிறு மாலை, வாரம் முழுக்க உழைத்த வெளிநாட்டு ஊழியர் அண்ணன்மார் நண்பர்களைச் சந்திக்கும் நேரம். தேக்கா நிரம்பி வழியும். சின்னப் பிள்ளைகளோடு நடக்கச் சனிக்கிழமைக் காலையே தோது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்துமுன் போய்விடலாம்.

அரும்பொருளகத்துக்குள் நடை

இது வெயிலுக்கும் மழைக்கும் தப்பிய நடை. மே மாதத்தில் வெக்கை அதிகம், பிற்பகலில் இடியோடு மழை வரும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் தேக்கா நடையின் முடிவில் பொருத்தமாக வந்து நிற்கும். கோல்மன் ஸ்திரீட்டில் சிறுவர் அரும்பொருளகம் 2022 டிசம்பரில் திறந்தது, 12 வயதுக்குட்பட்டோருக்கென்றே அமைத்தது. தொட்டுப் பார்க்கலாம், ஏறலாம், இழுக்கலாம். "தொடாதே" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் நான் கழித்த அரைநாள் அது ஒன்றுதான். இரண்டிலும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். அக்கா குடும்பம் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஆனால் இது ஊரைப் பார்த்ததாகாது. நடையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம், நடைக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

எந்த வட்டாரம்?

வட்டாரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சின்னவர்களுக்குச் சிங்கப்பூர் ஆற்றங்கரைதான் முதலிடம். தரை சமமாக இருக்கும், தள்ளுவண்டி உருளும், மரநிழல் உண்டு, கழிப்பறைக்கு அரும்பொருளகங்கள் பக்கத்திலேயே. பிள்ளைகளின் கண் உயரத்தில் பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலை, பாலத்தருகே பூனைக் குடும்பத்தின் சிலை. 1869இல் கட்டிய கேவனா பாலத்தில் இன்னமும் ஒரு பழைய அறிவிப்பு தொங்குகிறது: மாடும் குதிரையும் இந்தப் பாலத்தில் போகக் கூடாதாம். என் மகன் தன்னைக் குதிரை என்று சொல்லிக்கொண்டு பாலத்தைக் கடக்க மறுத்துவிட்டான். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் யானைச் சிலை, 1871இல் வந்துபோன சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் தந்த பரிசு. முடிவில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை, 8.6 மீட்டர் உயரம். கால் ஓய்ந்துவிட்டால் ஆற்றுப் படகில் சுமார் 40 நிமிடம் உட்கார்ந்தே மீதியைப் பார்த்துவிடலாம்.

சைனாடவுன் கதைக்குச் சிறந்தது, காலுக்குச் சிரமம். பகோடா ஸ்திரீட் என்ற பெயர் வந்ததே நம் மாரியம்மன் கோயில் கோபுரத்தால்தான். 1827இல் தொடங்கிய கோயில். பக்கத்திலேயே டெம்பிள் ஸ்திரீட், மோஸ்க் ஸ்திரீட். சைனாடவுனில் மூன்று தெருக்களுக்குக் கோயிலும் பள்ளிவாசலும் பெயர் கொடுத்திருப்பதை அக்காவின் பெரியவனுக்குக் கட்டாயம் காட்டவேண்டும். மேக்ஸ்வெல் ரோட்டிலுள்ள நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தில் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம் இருக்கிறது, இலவசம், குளிரூட்டியது. நகரத்தையே சின்னஞ்சிறு மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நடந்து வந்த இடத்தைப் பிள்ளைகள் மேலிருந்து கண்டுபிடிப்பார்கள்.

பழைய மலாய் வட்டாரமான கம்போங் கிளாமில் ஒரே ஒரு கதை போதும். சுல்தான் பள்ளிவாசலின் தங்கநிறக் குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அருகே போய் உற்றுப் பார்த்தால் அவை கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். பள்ளிவாசல் 1932இல் எழுந்தபோது ஏழைகளின் பங்கும் இருக்கட்டும் என்று அவர்களிடமிருந்து வாங்கிய போத்தல்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து என் மகள் காலிப் போத்தலைத் தூக்கிப்போட விடுவதில்லை.

பூமலையை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை, நடைப்பயணக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நான் சேர்ப்பேன். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. சனிக்கிழமைகளில் தொண்டூழியர்கள் இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். சிறுவர்களுக்கான ஜேக்கப் பாலஸ் தோட்டத்தில் பிள்ளை உடன் வராத பெரியவருக்கு அனுமதியே கிடையாது. நம் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் பூமலையில்தான் நிற்கிறது. நோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து "இந்த மரத்தைக் கண்டுபிடி" என்றால், அரைமணி நேரம் வழிகாட்டியே வேண்டாம்.

அக்காவுக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இது. வந்த மறுநாள் சனிக்கிழமை, காலை எட்டரைக்குத் தேக்கா, மாமனாரோடு. பத்தரைக்கு மரபுடைமை நிலையம். அடுத்த வாரம் தெலுக் ஆயர், அதே வழிகாட்டி அம்மா, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து. ஆற்றங்கரைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் நாங்களே போவோம். 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு ரயிலிலும் பேருந்திலும் கட்டணமில்லை, அவளுடைய சின்னவளை அளந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுத்தான் அந்த அம்மாவை அழைத்துப் பதிவு செய்தேன். "சின்னவளுக்கு மூன்று வயதுதான், அடிக்கடி நிற்போம்" என்றேன். "அப்போ பாதையைப் பாதியாக் குறைச்சிடுறேன், சிங்கத்துகிட்ட கொஞ்சம் கூடுதல் நேரம் வெச்சுக்கலாம்" என்றார்.