இன்ஜெக்டர் சோதனைச் சீட்டில் திரவத்தின் அடர்த்தியையும் எழுதித் தந்த கடை

கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக என் பழைய மாருதி எஸ்டீமில் தனி ஈசியூ (எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்கிடும் கணினி) போட்டிருக்கிறேன். ட்யூனிங் தொடங்கும் முன், பெட்ரோலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, ஊருக்குள் இருக்கும் ஒரு சின்ன இன்ஜெக்டர் பட்டறையில் சுத்தம் செய்து ஃப்ளோ (நிமிடத்துக்கு எவ்வளவு திரவம் போகிறது என்று) பார்க்கக் கொடுத்தேன். இந்த வேலைக்கு இனி வேறெங்கும் போக மாட்டேன்.

முன்பு போன ஓர் இடத்தில் "200 சிசி, நல்லா இருக்கு" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோலுக்குப் பதில் எந்தச் சோதனைத் திரவத்தில் 200 என்று கேட்டால் பதில் இல்லை. இங்கே வந்த சீட்டில் நிமிடத்துக்கு 198, 201, 200, 203 சிசி. பக்கத்திலேயே 3 பார், 28 டிகிரி, திரவத்தின் அடர்த்தி 0.775. அந்தக் கடைசி எண்தான் எனக்கு வேண்டியிருந்தது.

காரணம் இதுதான். அழுத்தம் மாறாமல் இருந்தால், திரவம் கனக்கக் கனக்க இன்ஜெக்டர் வழியே போகும் சிசி குறையும், கிராம் கூடும். இரண்டும் அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில். என் டேங்க் பெட்ரோலையும் பட்டறைக்காரர் ஒரு கண்ணாடிக் குழலில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார்: 0.735. அப்படியானால் அந்த 200 சிசி, பெட்ரோலில் சுமார் 205 சிசி, அதாவது 151 கிராம். அதே 200, இன்ஜெக்டர் கம்பெனிகள் வழக்கமாக அளக்கும் ஹெப்டேன் என்ற திரவத்தில் வந்ததாக இருந்தால், ஹெப்டேன் அடர்த்தி சுமார் 0.68 என்பதால், பெட்ரோலில் 141 கிராம்தான் வரும். எண் ஒன்றே, ஆனால் எரிபொருளில் 7 சதவீத வித்தியாசம்! பாதித் திராட்டிலில், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் இதைச் சரிக்கட்டிவிடும். முழுத் திராட்டிலில், பெரும்பாலான ட்யூன்களில், அந்தத் திருத்தம் கிடையாது. அங்கே கலவை லீனானால் (பெட்ரோல் குறைந்தால்) நாக்கிங் (நேரம் தவறி வெடித்து எரிதல்), பிஸ்டனுக்கே ஆபத்து.

பங்கில் காட்டும் அடர்த்தியை அப்படியே கணக்கில் போடக்கூடாது, அது 15 டிகிரிக்கானது என்பதையும் அவரே நினைவூட்டினார். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பற்றியும் பேசினோம். எத்தனால் கலப்பதால் அடர்த்தி லேசாகத்தான் ஏறும். ஆனால் முழுதாக எரியத் தேவையான காற்று விகிதம் 14.7-லிருந்து 13.5 பக்கம் இறங்கும். அது தனித் திருத்தம், ஃப்ளோ எண்ணில் கை வைக்க வேண்டாம் என்றார். ரொம்பச் சரி.

குறை என்று பார்த்தால், வெவ்வேறு வோல்டேஜில் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தை அளக்க அவரிடம் வசதி இல்லை. ஐட்லிங் ட்யூன் செய்ய அது கட்டாயம் வேண்டும். ஓ-ரிங், ஃபில்டருக்குத் தனிக் காசு, முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

போகிறவர்கள் உங்கள் ரெயில் பிரஷரை, அதாவது இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தத்தை, குறித்துக்கொண்டு போங்கள். என்னுடையது 2.5 பார் என்றதும், 3 பாரில் வந்த எண்களை 0.913-ஆல் பெருக்கிச் சீட்டிலேயே இன்னொரு வரிசை எழுதிக் கொடுத்தார்.